திரும்பி வந்த சரக்கும் இருப்புக் கணக்கும்

இணையவழியே பொருள் விற்பது இன்று பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய தொழிலன்று. வீட்டின் ஓர் அறையைச் சரக்கறையாக வைத்துக்கொண்டு, கணினியும் கைப்பேசியும் துணையாகச் சேலை, துண்டு, பாத்திரம், பூசைப் பொருள் முதலியவற்றை விற்று வரும் குடும்பங்கள் பல. மகன் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுகிறான். மருமகள் பொட்டலம் கட்டுகிறாள். பெரியவர் கணக்குப் பார்க்கிறார். இத்தகைய குடும்பங்களுக்கு விற்பனையைப் பற்றிச் சொல்லிக் கொடுப்போர் பலர் உளர். விற்ற பொருள் திரும்பி வந்தால் அதனை எவ்வாறு கணக்கில் ஏற்றுவது என்பதைச் சொல்லிக் கொடுப்போர் மிகச் சிலரே. எனவே இக்கட்டுரையில் அதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு, முறையாகப் படிப்போம். இறுதியில் பயிற்சி வினாக்களும் விடைகளும் உள்ளன. தாளும் எழுதுகோலும் அருகில் வைத்துக்கொண்டு படிப்பது நன்று.

இப்பாடத்தின் மையக் கருத்து ஒன்றே. திரும்பி வருவதாகச் சொல்லப்பட்ட பொருள் இருப்பு ஆகாது; வந்து சேர்ந்த பொருளும் உடனே இருப்பு ஆகாது; கண்ணால் பார்த்து, கையால் சோதித்து, விற்கத் தக்கது என்று முடிவு செய்த பொருளே விற்பனைக்கு உரிய இருப்பு ஆகும். மற்றவை அனைத்தும் இதன் விரிவே.

பொருள் திரும்பும் இரு வழிகள்

முதலில் திரும்பும் சரக்கினை இரு வகையாகப் பிரித்து அறிதல் வேண்டும்.

முதல் வகை, வாடிக்கையாளர் கையை எட்டாமலே திரும்புவது. வீடு பூட்டியிருத்தல், முகவரி தவறாயிருத்தல், பொருள் வரும்போது பணம் தருவதாகச் சொன்னவர் வாங்க மறுத்தல் ஆகியன இதன் காரணங்கள். கூரியர் வழக்கில் இதனை 'ஆர்.டி.ஓ.' என்பர். அனுப்பிய இடத்திற்கே திரும்புதல் என்பது அதன் பொருள். நாம் அறிந்த போக்குவரத்து அலுவலகம் அன்று.

இரண்டாம் வகை, வாடிக்கையாளர் பெற்றுக்கொண்டு, பிரித்துப் பார்த்து, பின்னர்த் திருப்பி அனுப்புவது. நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை, பழுது உள்ளது, வேறு பொருள் வந்துவிட்டது என்பன இதன் காரணங்கள்.

இவ்விரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? முதல் வகையில் பொட்டலம் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே வரும். ஆயினும் வழியில் நசுங்கியோ நனைந்தோ இருக்கலாம். பொருள் வரும்போது பணம் என்ற முறையில் அனுப்பியிருந்தால் வாடிக்கையாளர் பணமே தரவில்லை. ஆகவே திருப்பித் தர வேண்டிய தொகை ஏதும் இல்லை. இரண்டாம் வகையில் பொருள் மற்றவர் கையில் சில நாள் இருந்து வருகிறது; பணமும் திருப்பித் தர வேண்டியுள்ளது. சோதனையின் கடுமையும் பணக் கணக்கும் இரண்டிலும் வேறுபடுகின்றன.

திருப்பி எடுத்துக்கொள்வது விற்பவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதையும் நினைவிற்கொள்க. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் மின்னணு வணிக விதிகள் வெளியிடப்பட்டன. பொருள் பழுதுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதனைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுத்தல் கூடாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. சொன்ன நாளில் வராமல் காலந்தாழ்ந்து வந்த பொருளுக்கும் இது பொருந்தும். இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க இயலாத காரணத்தால் நேர்ந்த தாமதம் மட்டும் விதிவிலக்கு.

இருப்பு என்பது ஓர் எண் அன்று

மளிகைக் கடையில் 'ஸ்டாக் எவ்வளவு?' என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்வர். இணையவழி விற்பனையில் ஓர் எண் போதாது. நல்ல இருப்பு மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரே பொருளுக்குப் பல எண்களை வைத்திருக்கும். அவற்றுள் நமக்கு வேண்டியவை ஐந்து.

1. கைவசம்: நம் சரக்கறையில் உண்மையாக உள்ள எண்ணிக்கை.

2. ஒதுக்கியது: விற்றுவிட்டோம், இன்னும் அனுப்பவில்லை என்ற நிலையில் உள்ளவை.

3. சோதனையில்: திரும்பி வந்து, இன்னும் பார்க்கப்படாதவை.

4. பழுது: பார்த்தபின் விற்கத் தகாதவை என ஒதுக்கப்பட்டவை.

5. விற்பனைக்கு: கைவசத்திலிருந்து 2, 3, 4 ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவது.

வாடிக்கையாளர் தளத்தில் காண்பது ஐந்தாம் எண்ணை மட்டுமே. அதை நம்பியே அவர் பணம் செலுத்துகிறார். ஆகவே அது பிழையாயின், நம் வாக்கே பிழையாகிவிடுகிறது.

இவற்றோடு 'வரவேண்டியது' என்று ஒரு குறிப்பும் உண்டு. திருப்பி அனுப்புவதாக வாடிக்கையாளர் சொல்லியும் இன்னும் வந்து சேராதவை அதில் அடங்கும். இது குறிப்பே, இருப்பில் சேராது. பள்ளி வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்க்க. 'நாளை வந்துவிடுவேன்' என்று சொல்லியனுப்பிய மாணவனுக்கு இன்றே வருகை இடுவார் உண்டோ? வகுப்பில் முகத்தைக் கண்டபின்னரே இடுவோம். சரக்கிற்கும் அதுவே விதி.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கருத்து தெளிவாக, ஒரு கணக்கினைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். நீல நிறப் பருத்திச் சேலை ஒன்று. அதன் பொருட்குறி ப-101 என்க. (விற்பனையாளர்கள் இதனை 'எஸ்.கே.யு.' என்பர்.) அடக்க விலை 800 ரூபாய், விற்பனை விலை 1,200 ரூபாய். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். தொடக்கத்தில் 20 சேலைகள் உள்ளன.

முதற்படி: ஆறு பேர் வாங்குகின்றனர். கைவசம் 20, ஒதுக்கியது 6, விற்பனைக்கு 14.

இரண்டாம் படி: ஆறும் அனுப்பப்படுகின்றன. கைவசம் 14, ஒதுக்கியது 0, விற்பனைக்கு 14.

மூன்றாம் படி: மூன்று சேலைகள் திரும்பி வருவதாகச் செய்தி வருகிறது. ஒன்று வீடு பூட்டியிருந்ததால் திரும்புவது. ஒன்று நிறம் பிடிக்காதது. ஒன்றில் கறை உள்ளதாகப் புகார். இப்போது வரவேண்டியது 3. கைவசம் 14, விற்பனைக்கு 14. இருப்பில் எந்த மாற்றமும் இல்லை.

நான்காம் படி: மூன்றும் வந்து சேர்கின்றன. கைவசம் 17, சோதனையில் 3, விற்பனைக்கு 14. கைவசம் கூடியும் விற்பனைக்கு உரியது கூடவில்லை என்பதைக் கவனிக்க.

ஐந்தாம் படி: சோதனை முடிகிறது. பிரிக்கப்படாத சேலை நல்ல நிலையில் உள்ளது. நிறம் பிடிக்காத சேலை மடிப்புக் கலைந்துள்ளது. வேறு குறை இல்லை. மடித்துப் புதிய உறையில் இடலாம். மூன்றாவதில் கறை இருப்பது உண்மை. ஆகவே கைவசம் 17, பழுது 1, விற்பனைக்கு 16.

அவசரப் பதிவின் விளைவு

இதே கணக்கில் மூன்றாம் படியிலேயே, அதாவது செய்தி வந்தவுடனேயே, ஒருவர் மூன்றையும் 'மீண்டும் இருப்பில் சேர்' என்று பதிந்துவிட்டார் என்று கொள்வோம். தளம் 17 என்று காட்டும். பலகையில் இருப்பதோ 14. தீபாவளி நெருங்கும் காலமாயின் 17-உம் ஒரே நாளில் விற்றுவிடக்கூடும். மூன்று பேரிடம் 'பொருள் இல்லை' என்று சொல்லி விற்பனையை நீக்க வேண்டி வரும். பெரிய விற்பனைத் தளங்கள் இதனை எளிதாக விடுவதில்லை. விற்பவரே அனுப்பும் விற்பனைகளில், அவர் தாமே நீக்குபவை நூற்றுக்கு 2.5-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அமேசான் அளவுகோல் வைத்துள்ளது. சிறு வணிகர் ஒருவர் நூறு விற்பனையில் மூன்றை நீக்கினாலே அவ்வளவைக் கடந்துவிடுவார். அவ்வாறு கடந்தவரின் விற்பனைக் கணக்கை முடக்கி வைக்கவும் தளத்திற்கு அதிகாரம் உண்டு. ஒரு குடும்பத்தின் வருவாய் அவ்வொரு கணக்கைச் சார்ந்திருக்குமாயின், அது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிழை இத்துடன் நிற்பதில்லை. சேலைகள் வந்து சேரும் நாளில் வீட்டில் மற்றொருவர், முன்னரே பதிந்தது அறியாமல், மூன்றையும் மறுமுறை பதிகிறார். இப்போது கணினி 20 எனக் காட்டும். விற்கத் தக்கவை 16 மட்டுமே. கறைபட்ட சேலையும் நல்ல சேலைகளோடு பலகையில் ஏறிவிட்டால், அது மற்றொரு வாடிக்கையாளரிடம் சென்று மறுபடியும் திரும்பும். போகக் கூரியர் 80 ரூபாய், வரக் கூரியர் 80 ரூபாய், பொட்டலச் செலவு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 180 ரூபாய் வீண். இவ்வாறு இருமுறை நேர்ந்தால் 360 ரூபாய். ஒரு சேலையில் கிடைக்கும் 400 ரூபாய் வேறுபாட்டில் மிஞ்சுவது 40 ரூபாய் மட்டுமே. கறையுள்ள சேலையைப் பெற்றவர் மனத்தில் நம்மைப் பற்றி எழும் எண்ணத்திற்கோ விலையே இல்லை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. திரும்பி வந்த பொட்டலங்களைப் 'பிறகு பார்ப்போம்' என்று மூலையில் குவித்து வைப்பது. கணினியில் 14 என்றே இருக்கும். 'சரக்குக் குறைந்துவிட்டது' என்று புதிதாக வாங்குவர். பண்டிகை கழிந்தபின் மூலையைத் துழாவினால் பழைய சரக்கு இருக்கும். அதனை வாங்குவார் இரார். போட்ட முதல் அங்கே முடங்கிக் கிடக்கும். முந்தியது இல்லாததை உண்டு என்னும் பிழை. பிந்தியது உள்ளதை இல்லை என்னும் பிழை. இரண்டும் கணக்கைப் பொய்யாக்குகின்றன.

முறையான ஐந்து படிகள்

இப்பிழைகள் நேராதிருக்கப் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. பதிவு. திருப்பி அனுப்பும் வேண்டுகோள் வந்தவுடன் அதற்கு ஒரு தொடர் எண் இடுக. எந்த விற்பனை, எந்தப் பொருள், எத்தனை, என்ன காரணம் என்பவற்றை எழுதுக. இருப்பைத் தொடாதீர்.

2. வரவு. பொட்டலம் வந்த நாளைக் குறிக்க. வாங்கும்போதே மேலுறை கிழிந்துள்ளதா, எடை குறைந்துள்ளதா என்று பார்க்க. பொட்டலத்தைப் பிரிக்கும்போது, முகவரித் தாள் தெரியுமாறு தொடங்கி, இடையில் நிறுத்தாமல், கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்க. நாம் அனுப்பிய புதுச் சேலைக்குப் பதிலாகப் பழந்துணி வந்திருந்தால், தளத்திடம் இழப்பீடு கோர அதுவே சான்று. கோருவதற்குத் தளங்கள் நாள் வரம்பு வைத்திருக்கின்றன; ஆகவே வந்த நாளிலேயே பிரித்தல் நன்று.

3. சோதனை. அனுப்பிய பொருள்தானா என்பதை முதலில் காண்க. பட்டைக்குறி இருந்தால் கருவியால் படித்துப் பார்ப்பது கண்ணை நம்புவதினும் உறுதியானது. நீலச் சேலையும் கருநீலச் சேலையும் விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றும், பட்டைக்குறி மாறாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1974 ஜூன் 26 அன்று ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலம் ஒன்றின்மீது முதன்முதலாகப் படிக்கப்பட்ட அக்கோடுகள், இன்று நம் கைப்பேசியாலேயே படிக்கத் தக்கவையாகிவிட்டன.

4. முடிவு. சோதித்த பொருளை எவ்வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்க. இதனை அடுத்த பகுதியில் காண்போம்.

5. இருப்பில் ஏற்றம். முடிவிற்கு ஏற்பக் கணினியில் பதிக. பொருளை உரிய பலகையில் வைத்தபின் பதிக. பதிந்தபின் வைக்கலாம் என்று விடாதீர்.

இயலுமாயின் இரண்டாம், மூன்றாம் படிகளை ஒருவரும் ஐந்தாம் படியை மற்றொருவரும் செய்க. ஒரே ஆள் எனில், தொடர் எண்ணுக்கு எதிரே ஒவ்வொரு படியும் முடிந்த நாளை எழுதி வருக. நாள் எழுதப்பட்ட படியை மீண்டும் செய்ய மாட்டோம். இரட்டைப் பதிவு தானாகவே நின்றுவிடும்.

தரம் பிரித்தல்

சோதித்த சரக்கினை ஐந்து கூடைகளாகப் பிரிக்கலாம்.

முதற்கூடை: புதியது போலவே உள்ளது. மீண்டும் இருப்பில் சேர்க்க.

இரண்டாம் கூடை: சிறு வேலை செய்தால் புதியது போலாகும். மடித்தல், உறை மாற்றுதல், விலைச்சீட்டு ஒட்டுதல் முடிந்தபின் சேர்க்க. வேலை முடியும்வரை 'சோதனையில்' என்றே இருக்கட்டும்.

மூன்றாம் கூடை: குறை உண்டு, ஆனால் பயன்படும். இதனைப் புதியது என்று விற்றல் கூடாது. வேறு பொருட்குறி இட்டு, குறையைத் தெளிவாகச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்கலாம். நம் எடுத்துக்காட்டில் கறைபட்ட சேலைக்கு ப-101-கு என்று குறியிட்டால், ப-101-இன் கைவசம் 16 ஆகவும், ப-101-கு என்பதன் கைவசம் 1 ஆகவும் ஆகும்.

நான்காம் கூடை: நெசவு அல்லது உற்பத்திக் குறை. வாங்கிய இடத்திற்கே திருப்பி அனுப்பத் தக்கது. அனுப்பும்வரை பழுதுக் கணக்கில் வைத்து, அனுப்பும் நாளில் கைவசத்திலிருந்து கழிக்க.

ஐந்தாம் கூடை: எதற்கும் ஆகாதது. காரணம் எழுதிக் கணக்கிலிருந்து நீக்குக.

சில பொருள்கள் முதற்கூடைக்கு உரியவையே அல்ல. உறை பிரிந்த உணவுப்பொருள், உள்ளாடை, முகப்பூச்சு போன்றவை பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருப்பினும் மீண்டும் விற்பனைக்கு வருதல் கூடாது. உறை பிரியாத உணவாயினும் காலாவதி நாளைப் பார்த்தே சேர்க்க.

இப்பிரிவினை சிறு வணிகர்க்கு மட்டும் உரியதன்று. அமேசான் தன் கிடங்கிற்குத் திரும்பும் சரக்கினை விற்கத் தக்கது, வாடிக்கையாளரால் பழுதானது, கூரியரால் பழுதானது, இயல்பிலேயே குறையுள்ளது என்று பிரித்தே விற்பவரின் கணக்கில் காட்டுகிறது. யாரால் பழுதானது என்பது தெரிந்தால்தான் இழப்பை யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.

மென்பொருள்களில் இதனைச் செய்யும் முறை

திரும்பிய பொருளை ஏற்பதில் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. மூன்றினைச் சான்றாகக் காண்போம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் 'ஸோகோ இன்வென்டரி' மென்பொருளில், திரும்புதலைப் பதிவது ஒரு செயல். பொருள் வந்ததாகக் குறிப்பது மற்றொரு செயல். வாடிக்கையாளர்க்குத் தொகை வரவு வைக்கும் 'கிரெடிட் நோட்' மூன்றாவது செயல். திரும்புதலைப் பதிவதனால் மட்டும் இருப்புக் கூடுவதில்லை. வந்ததாகக் குறித்தால்தான் கூடும். பொருளைத் திரும்பப் பெறாமல் தொகையை மட்டும் தருவதற்கும் அதில் தனி இடம் உண்டு.

வணிகக் குடும்பங்களில் பலர் அறிந்த 'டேலி'யில், திரும்பி வந்த சரக்கைக் குறிக்க 'ரிஜெக்‌ஷன் இன்' என்ற சீட்டும், பணக் கணக்கிற்குக் 'கிரெடிட் நோட்' என்ற சீட்டும் தனித்தனியே உள்ளன. ஒரே திரும்புதலுக்கு இரண்டையும் எழுதினால், அவற்றை ஒரே தொடர்பு எண்ணால் இணைக்க வேண்டும். இணைக்காவிடில் ஒரு சேலை இரு சேலையாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

'ஷாப்பிஃபை' என்னும் தளத்தில், பணத்தைத் திருப்பும் திரையிலேயே 'இருப்பில் சேர்' என்ற கட்டமும் உள்ளது. பணம் திருப்பும் அவசரத்தில் அக்கட்டத்தைப் பாராமல் விடுவோர் உளர். பொருள் இன்னும் வரவில்லையாயின், அல்லது வந்தது பழுதாயின், அக்கட்டத்தில் குறி இருத்தல் கூடாது. பழுதும் சோதனையில் உள்ளவையும் அங்கே 'விற்பனைக்கு இல்லாதவை' என்ற தலைப்பின்கீழ்த் தனித்தனியே வைக்கப்படும்.

தாம் பயன்படுத்தும் மென்பொருளில் 'சோதனையில்' என்ற நிலை இல்லையாயின் என் செய்வது? ஒன்றுக்கு மேற்பட்ட சரக்கறைகளைப் பதியும் வசதி இருந்தால், 'சோதனை அறை' என்று ஓர் இடத்தை உண்டாக்கி, அதிலிருந்து விற்பனை நிகழாதவாறு அமைத்து, திரும்பியவற்றை அங்கே ஏற்றுக்கொள்க. அவ்வசதியும் இல்லையேல், சோதனை முடிந்த பின்னரே கணினியில் 'பெற்றது' என்று குறிக்க. இடைப்பட்ட நாள்களுக்கு ஒரு கையேடு போதும்.

பணமும் மதிப்பும் வரியும்

பொருளின் கணக்கும் பணத்தின் கணக்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆனால் ஒன்றே அல்ல. பணம் திருப்பியாயிற்று என்பதனால் பொருள் வந்துவிட்டதாகாது. பொருள் வந்தது என்பதனால் பணம் திருப்பியதாகவும் ஆகாது. வாரந்தோறும் 'பணம் திருப்பியும் பொருள் வராதவை', 'பொருள் வந்தும் பணம் திருப்பாதவை' என்று இரு பட்டியல்கள் எடுத்துப் பார்க்க. முதற்பட்டியல் நம் இழப்பைக் காட்டும். இரண்டாவது வாடிக்கையாளர்க்கு நாம் இழைக்கும் இழப்பைக் காட்டும்.

திரும்பிய பொருளை விற்பனை விலையில் இருப்பில் ஏற்றுதல் தவறு. அடக்க விலையிலேயே ஏற்ற வேண்டும். பழுதானதை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகரத் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததற்கே மதிப்பிட வேண்டும். இதுவே கணக்கியலில் ஏற்கப்பட்ட முறை. நம் கணக்கில் நல்ல சேலைகள் 16. மதிப்பு 12,800 ரூபாய். கறைபட்டது 500 ரூபாய்க்கு விற்கும், விற்பனைச் செலவு 80 ரூபாய் என்றால், அதன் மதிப்பு 420 ரூபாய். மொத்தம் 13,220 ரூபாய். இரட்டைப் பதிவால் 20 என்று காட்டிய கணினியோ 16,000 ரூபாய் என்று சொல்லும். இல்லாத 2,780 ரூபாயை உண்டு என்று நம்பி அடுத்த கொள்முதலுக்குத் திட்டமிட்டால் குடும்பத்தின் கைமுதல் தடுமாறும்.

சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்றவர்கள், திரும்பிய பொருளுக்கு மத்தியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் எழுதி, செலுத்திய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-ஆம் நாள், அல்லது ஆண்டுக் கணக்கு அளிக்கும் நாள், இவற்றில் முந்தியதற்குள் அதனைக் காட்டிவிட வேண்டும். அழித்துவிட்ட, தொலைந்துபோன, கணக்கிலிருந்து நீக்கிய சரக்கிற்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று அதே சட்டத்தின் 17(5)-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ஐந்தாம் கூடைப் பொருளுக்கு முன்பு எடுத்துக்கொண்ட வரவைத் திருப்ப வேண்டும். விற்பனைத் தளங்கள் பிடித்தம் செய்யும் வரி 2024 ஜூலை 10 முதல் 0.5 விழுக்காடு ஆகும். அது திரும்பிய சரக்கைக் கழித்த நிகர விற்பனையின்மீதே கணக்கிடப்படுகிறது. நம் திரும்புதல் பதிவேடு சரியாயிருந்தால்தான் தளம் தரும் கணக்கைச் சரிபார்க்க இயலும்.

காரணங்கள் கற்பிப்பவை

விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர், மாணவர் பலர் ஒரே வினாவில் தவறியிருந்தால், மாணவரைக் குறை கூறுமுன் தாம் அப்பாடத்தை எவ்வாறு நடத்தினோம் என்று எண்ணிப் பார்ப்பார். திரும்பி வரும் சரக்கும் அத்தகைய விடைத்தாளே. காரணங்களை நிறம், அளவு, பழுது, தவறான பொருள், தாமதம், மறுப்பு என்று சில தலைப்புகளில் மட்டும் பதிந்து, மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க. நிறம் என்ற காரணம் மிகுந்தால் படத்தைப் பகல் வெளிச்சத்தில் மீண்டும் எடுக்க. அளவு மிகுந்தால் நீள அகலங்களைத் தெளிவாக எழுதுக. தவறான பொருள் மிகுந்தால் பலகைகளின் அடுக்கை மாற்றுக. பணம் தர மறுத்துத் திரும்புவது மிகுந்தால், அனுப்புமுன் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டு உறுதி செய்துகொள்க. திரும்பியதை ஒழுங்காக ஏற்றுவது ஒரு திறமை. அடுத்தது திரும்பாமல் செய்வது அதனினும் பெரிய திறமை.

இவை அனைத்திற்கும் காவலாக, வாரத்தில் ஒரு நாள் ஐந்து பொருட்குறிகளையேனும் எடுத்து, கணினி சொல்லும் எண்ணையும் பலகையில் உள்ள எண்ணையும் ஒப்பிடுக. வேறுபாடு இருந்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர். எங்கே பிறழ்ந்தது என்று தேடிக் காரணத்தை எழுதியபின் திருத்துக.

பயிற்சி வினாக்கள்

1. துண்டுகள் 50 உள்ளன. 12 விற்று அனுப்பப்பட்டன. 5 திரும்புவதாகச் செய்தி வந்தது. 4 வந்து சேர்ந்தன. சோதனையில் 3 நல்லவை, 1 பழுது. கைவசம், விற்பனைக்கு, பழுது, வரவேண்டியது ஆகியவற்றைக் கூறுக.

2. வாடிக்கையாளர் ஒருவர்க்கு உடைந்த கிண்ணம் சென்றுவிட்டது. 'திருப்பி அனுப்ப வேண்டா' என்று சொல்லிப் பணத்தைத் திருப்பினோம். இருப்பு எவ்வாறு மாறும்?

3. நீலச் சேலை வாங்கியவர் அதனைத் திருப்பிச் சிவப்புச் சேலை கேட்கிறார். நீலம் நல்ல நிலையில் வந்தது, சிவப்பு அனுப்பப்பட்டது. 'ஒன்று வந்தது, ஒன்று போனது. மாற்றமில்லை' என்று விட்டுவிடலாமா?

4. கணினியில் விற்பனைக்கு 30 என்றுள்ளது. பலகையில் 28 உள்ளன. சோதிக்காத கூடையில் அதே பொருள் 2 உள்ளன. நேர்ந்தது என்ன?

விடைகள்

1. கைவசம் 42, விற்பனைக்கு 41, பழுது 1, வரவேண்டியது 1.

2. மாறாது. பணக் கணக்கில் மட்டும் பதிவு உண்டு. கிண்ணம் அனுப்பிய நாளிலேயே இருப்பிலிருந்து கழிந்துவிட்டது.

3. கூடாது. நீலத்தில் ஒன்று கூட வேண்டும். சிவப்பில் ஒன்று குறைய வேண்டும். இரு பதிவுகள் தேவை. விட்டுவிட்டால் இரு பொருள்களின் கணக்கும் பிழையாகும்.

4. சோதிக்குமுன்னரே இரண்டும் விற்பனைக்கு உரியவையாகப் பதியப்பட்டுள்ளன. அவற்றைச் 'சோதனையில்' என்பதற்கு மாற்றி, சோதித்தபின் உரிய கூடையில் சேர்க்க.

நான்கிற்கும் சரியான விடை கண்டவர் இப்பாடத்தை அறிந்தவர் ஆவர். இனி எஞ்சியது வீட்டுச் சரக்கறையில் செய்முறை. மூலையில் பிரிக்கப்படாத பொட்டலங்கள் இருப்பின், இன்றே ஒன்றை எடுத்துத் தொடர் எண் இட்டுத் தொடங்குக.